நிறுத்து

“பிரேதம் ஒண்டுதான், பிள்ளை, ஆடாமல் கிடந்தது.”

புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் போகும் பஸ்ஸில், முன் சீற்றிலிருந்த மீன் வியாபாரி இப்படிச் சொன்னதும் என் காதில் செருகியிருந்ததைக் கழற்றிவிட்டேன். இதற்குப் பிறகு யாருக்குப் பாட்டு வேண்டும்?

அவர் பக்கத்தில் மடிக்கணினியோடு ஓர் இளம்பெண். தாளங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி ஒலிக்கவிடும் இலவச மென்பொருள் ஒன்றை அவள் எழுதியிருக்கிறாள். அவர் அதை மாதா கோயில் பாட்டுக்குப் பாவித்திருக்கிறார்.

“செத்தவீட்டில ஏன் மாமா பைலா ஆட்டத் தாளம் போட்டனீங்கள்?”

“கலியாணத்துக்கு அடுக்கி வைச்சது, கை மாறிப் பட்டிட்டுது. பாதர் செபம் சொல்லுறார், அது தன்ர பாட்டுக்கு அடிக்குது. செத்தவன்ர மச்சான்மார் காலைத் தட்டத் தொடங்கிட்டாங்கள்.”

“சிவப்புப் பட்டன் இருக்கே! ‘நிறுத்து’ எண்டு பெரிசாப் போட்டிருக்கிறன்.”

“நிறுத்துத் தாங்கோ எண்டுதான் சனம் என்னட்டை மீன் கேக்கிறது. அமத்தினால் சத்தத்தின்ர பாரம் கூடுமாக்கும் எண்டு நான் தொடவே இல்லை.”

“அது நல்ல தமிழ், மாமா. பிடிக்காட்டில் நீங்களே மாத்தலாம். கோட் எல்லாருக்கும் திறந்துதானே கிடக்கு.”

“கோயிலும் எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கு. என்னை மட்டும் பாதர் பாட்டுக்கு வரவேண்டாமாம்.”

தர்மபுரம் வந்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து கத்தினாள்:

“அண்ணை, நிப்பாட்டுங்கோ!”

பஸ் நின்றது. அவள் இறங்கியதும் அவர் ஜன்னலால் தலையை நீட்டினார்.

“ஏன் பிள்ளை, ‘நிறுத்து’ எண்டு கத்தேல்லை? தராசில ஏத்திப்போடுவாங்கள் எண்ட பயமோ?”