ஏலக்காரனின் வாழ்த்துரை

நன்றாக உறைந்த ஐஸ் கட்டி டம்ளரில் கால் மணி நேரம் தாங்கும் ஐயா. இருபது வருடமாகக் குளிர்கிடங்கில் மெக்கானிக்காக இருக்கிறேன், இதை அடித்துச் சொல்வேன்.

நான், லாரி ஓட்டுகிறவன், ஏலக்காரன், மூவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். ஆண்டுக் கடைசி விடுமுறைக்குக் கிடங்கை மூடிவிடுவார்கள். சாவி என்னிடம் இருக்கும். என் மெக்கானிக் அறையில் கூடிக் குடிப்போம். வீட்டுத் தொந்தரவு இல்லை, ஐஸுக்கும் பஞ்சமில்லை. எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. டம்ளரை நிரப்பி ஐஸ் போட்டுத் தயாராக வைத்த பிறகு ஒருவன் எழுந்து வாழ்த்துச் சொல்வான். அவன் முடிக்கும்வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது, குறுக்கே பேசவும் கூடாது. எங்களில் குரல்வளம் உள்ளவன் ஏலக்காரன் என்பதால் அந்தப் பொறுப்பு அவனுக்கே போய்விட்டது.

ஏலத்தில் மூன்று எண்ணி முடிக்கிற மனிதன், எங்களிடம் மட்டும் முக்கால் மணி நேரம் பேசுவான். ஒன்றாம் வகுப்பு டீச்சரில் ஆரம்பிப்பான். செத்துப்போன நாய்க்கும் வாழ்த்து உண்டு. நாங்கள் இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருப்போம்.

அதையும் பொறுத்துக்கொண்டவன்தான் நான். ஆனால் மூன்று வருடம் முன்பு டாக்டர் என் ஈரலைப் பார்த்துவிட்டு, "இனிமே குடிச்சா போய்ச் சேர்ந்துடுவீங்க" என்றார். கெஞ்சியதில் வருடத்துக்கு ஒரே ஒரு டம்ளர் என்று இறங்கி வந்தார். அந்த ஒன்றுக்காக வருடம் முழுக்க நாள் எண்ணுவேன். மூன்று வருடமும் எனக்குக் கிடைத்தது ஐஸ் கரைந்த தண்ணீர். எனக்கு வயிறு எரிந்தது ஐயா.

போன வாரம் ஏலக்காரன் மனைவி போன் செய்தாள். "அண்ணா, இந்த வருஷமாவது அவரைச் சுருக்கமா முடிக்க வைங்கண்ணா. கண்ணாடி முன்னாடி நின்னு ஓயாம பேசிட்டிருக்காரு."

"நான் பாத்துக்கிறேம்மா" என்றேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான்.

விடுமுறையன்று காலை எட்டு மணிக்கே வந்துவிட்டான். கையில் ஒன்பது பக்கம். லாரிக்காரன் வருவது ஒரு மணிக்கு.

"ஒரு தடவை சத்தமா பேசிப் பாத்துக்கட்டுமாடா?"

"கிடங்குக்குள்ள போய்ப் பேசு. தொந்தரவே இருக்காது."

"குளிருமேடா."

"உன் பேச்சுல இல்லாத சூடாடா?"

சிரித்துக்கொண்டே ஒரு காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனான். டம்ளர் கையில் இல்லாவிட்டால் அவனுக்குப் பேச்சு வராது. உள்ளே மைனஸ் இருபத்தைந்து டிகிரி. நான் கதவைச் சாத்தினேன்.

கதவில் காதை வைத்துக்கொண்டேன். பேசுகிறவனுக்குக் கேட்க ஓர் ஆளாவது வேண்டாமா? கொஞ்ச நேரத்தில் தட்டும் சத்தம் வந்தது. உணர்ச்சிவசப்பட்டால் மேசையைத் தட்டுவது அவன் பழக்கம். பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். வாழ்த்துரையில் கூட்டாளிகளைப் பெயர் சொல்லி அழைப்பது முறைதான். "என் பிள்ளைங்கடா" என்றான். குடும்பம் எப்போதும் ஏழாம் பக்கத்தில்தான் வரும், இந்த முறை முன்னாலேயே வந்துவிட்டது. "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று சொல்லித்தான் அவன் முடிப்பான். அந்த வார்த்தை வரவே இல்லை. வராமல் கதவைத் திறந்தால் குறுக்கிட்டதாகிவிடும்.

பத்து மணிக்கு மேல் சத்தம் இல்லை. கைதட்டலுக்காக இடைவெளி விடுகிறவன் அவன். நானும் தட்டினேன்.

ஒரு மணிக்கு லாரிக்காரன் வந்து, "அவன் எங்கடா?" என்றான்.

"உள்ள பேசிட்டிருக்கான்."

"அப்போ சாயங்காலம் ஆயிடும்" என்று சிரித்தபடி உட்கார்ந்தான்.

இரண்டு டம்ளரில் ஊற்றி ஐஸ் போட்டேன். அவன் கட்டுப்பாட்டை மதித்துக் கைகட்டி இருந்தான். நான் எடுத்துக் குடித்தேன். தொண்டையில் இறங்கியபோது சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

கிடங்குக் கதவுக்கு உட்பக்கமும் கைப்பிடி இருக்குமே, அவன் ஏன் திறக்கவில்லை என்று நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். அதை முந்தின நாள் சாயங்காலம் நான்தான் கழற்றி வைத்தேன். அதில் பழுது ஒன்றும் இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மற்றபடி அவன் பேச்சில் நான் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை.