கொக்கியில் தொங்கிய ஜோடி

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது, ஐயா. பிழைப்பு முழுக்க டயர் வியாபாரம்தான், ஆனால் ஹேண்டிலைப் பிடித்தாலே கை வெலவெலத்துவிடும். கடைக்கு நடந்துதான் வருவேன். என் தங்கை புருஷனுக்கு அது பெரிய வேடிக்கை. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, "எங்க மச்சானுக்குத் தெரிஞ்சதெல்லாம் காத்து ஒண்ணுதான்" என்பார். வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். தங்கையும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தது நான். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்த வேண்டும். தடம் எழும்பி மறைந்தால் ரப்பருக்கு உயிர் இருக்கிறது, அப்படியே கிடந்தால் செத்துவிட்டது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அவள் கல்யாணமாகிப் போன பிறகு அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விட்டதில்லை. அவர் அவளைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை, ஐயா. அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லைதான். சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

மாப்பிள்ளை ஒரு பழைய வண்டியை வாங்கி, மெக்கானிக்கிடம் கொடுத்து, தன் ஆசைப்படி இழைத்து இழைத்துச் செய்துகொண்டிருந்தார். டேங்க், பெயின்ட், சைலன்சர் எல்லாம் புதிது. டயர் மட்டும் அந்தக் காலத்து டயரேதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். முன் சக்கரத்துக்குச் சுற்றிலும் நீளக் கோடு, பின் சக்கரத்துக்குக் கட்டம் கட்டமாக. கம்பெனி அதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. "இதையாவது உருப்படியா தேடிக் கொடுங்க, மச்சான்" என்றார், பல்லைக் காட்டிக்கொண்டு. அந்தப் பல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தேடினேன். நாய் படாத பாடு பட்டேன். இழுத்து மூடிய கடைகளின் பரண்களில் எல்லாம் ஏறி இறங்கினேன். கடைசியில் இரண்டு ஜோடி கிடைத்தன. ஒன்று, பரணில் பழுப்புக் காகிதம் சுற்றியபடியே கிடந்தது, தரையையே தொடாத டயர். பார்வைக்குப் புத்தம் புதுசு, நகம் வைத்தால் கல். கோடுகளுக்கு அடியில் முடி போல வெடிப்பு. இன்னொன்று, பழைய அச்சிலேயே ஒரு சின்னக் கம்பெனி இப்போது வார்த்தது. தொட்டாலே தெரியும், நல்ல ரப்பர்.

வெடிப்புகளில் கறுப்பு பாலிஷ் போட்டுத் தேய்த்து, பழுப்புக் காகிதத்து ஜோடியை மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் கேட்டது அந்தக் காலத்து டயர். நான் கொடுத்ததும் அதுதான். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

மெக்கானிக் இரட்டை சீட்டுக்கு அளவெடுத்து வைத்திருந்தார். பின்னால் தங்கை உட்கார வேண்டுமாம். நான்தான் குறுக்கே விழுந்து, இந்த மாடலுக்கு ஒற்றை சீட்டுதான் எடுப்பாக இருக்கும் என்றேன். மாப்பிள்ளைக்கு வண்டிதான் பெரிது; உடனே தலையாட்டிவிட்டார். தங்கை கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொறுத்துக்கொண்டேன். அவள் மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்று இதிலிருந்தே நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

நெடுஞ்சாலையில், நல்ல வேகத்தில், முன் டயர் வெடித்தது. விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் விதி என்றார்கள், நானும் ஆமாம் என்றேன். ஆக வேண்டிய காரியங்களை நானே முன்னின்று செய்தேன்.

சாவு வீட்டில் அந்த மெக்கானிக்கின் வாய் சும்மா இருக்கவில்லை. "நல்லவேளை, உங்க அண்ணன் ஒத்தை சீட்டு போதும்னு பிடிவாதமா சொன்னார். இல்லேன்னா நீங்களும் போயிருப்பீங்க" என்று தங்கையிடம் சொன்னார். அவள் திரும்பி என்னையே பார்த்தாள்.

பிறகு கடைக்கு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் முறை. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை. அந்த நல்ல ஜோடி சுவரில் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் அதை ஒளித்து வைக்கவில்லை என்று நீங்களும் கேட்டீர்கள். அருமையான டயர், ஐயா. எங்கேயோ கொண்டுபோய்த் திணிக்க மனசு வரவில்லை. அவள் அதில் நகத்தை அழுத்தினாள். தடம் எழும்பி மறைந்தது.

"அவருக்குப் போட்டது இப்படி எழும்பிச்சா, அண்ணா?"

அவளிடம் நான் பொய் சொன்னதே கிடையாது. "இல்லம்மா" என்றேன்.

"தெரிஞ்சேதான் கொடுத்தியா?"

"ஆமாம்மா."

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். கோபம்தான், ஆறிவிடும். சின்ன வயதிலும் அப்படித்தான், மூக்கு நுனியில் கோபம் வரும், சாப்பாட்டு நேரத்துக்குள் என்னிடமே திரும்பி வந்துவிடுவாள். இப்போது அவரும் இல்லை. என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அப்படி ஆக வேண்டும் என்றுதானே, ஐயா, இவ்வளவு பாடுபட்டேன்.

கடைச் சாவி உங்களிடம்தானே இருக்கிறது? யாரையாவது அனுப்பி அந்த நாற்காலியை மட்டும் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். அவள் வந்தால் உட்கார வேண்டும்.