விலாசதாரர் அகப்படவில்லை

வைத்தி: ...இனிமேல் என்னால முடியாது, பட்டாபி அண்ணா. நாலு நாளா இடுப்பிலே செருகிண்டு அலையறேன். கனக்கறது.

பட்டாபி: ஒத்தைக் காகிதம். அது என்னடா கனக்கும்?

வைத்தி: தந்தி அண்ணா அது.

பட்டாபி: இன்னும் உரக்கச் சொல்லேன். பந்தல்லே இருக்கிற அம்பது பேருக்கும் கேக்கட்டும்.

வைத்தி: அம்பது பேருக்கும்தான் தெரியுமே.

பட்டாபி: அவனுக்குத் தெரியாதோல்லியோ? அதுதான் முக்கியம்.

வைத்தி: அனந்துவுக்கு வந்த தந்தி அண்ணா!

பட்டாபி: யாரு இல்லேன்னா? இன்னிக்கி ஞாயித்துக்கிழமை. பத்து மணிக்கு முகூர்த்தம். சீதா கல்யாணம் நடக்கட்டும். எல்லாரும் சாப்பிட்டுக் கை அலம்பட்டும். மூணு மணிக்கு நானே சொல்லிடறேன்.

வைத்தி: புதன்கிழமையும் இதையேதான் சொன்னேள்.

பட்டாபி: புதன்கிழமையும் ஞாயித்துக்கிழமைன்னுதானே சொன்னேன்? வார்த்தை மாறினேனா?

வைத்தி: "பாகீரதி இன்று காலை காலமானாள். சிசுவும் தங்கவில்லை. உடனே புறப்படவும்." அவன் மாமனார் மாயவரத்திலேர்ந்து அடிச்சிருக்கார். எனக்கு மனப்பாடமே ஆயிடுத்து. கம்பியிலே வந்தப்போ நான் நம்பலை அண்ணா. அந்த "காலமானாள்"ங்கறதை மட்டும் ரெண்டு தரம் திருப்பி அடிக்கச் சொன்னேன். திருப்பித் திருப்பி அதேதான் வந்துது.

பட்டாபி: சரி... பாவம்தான். நல்ல பொண்ணு. போன ராமநவமிக்கு அவ வாசல்லே போட்ட கோலத்தை மிதிக்க மனசு வராம துரையே சுத்திண்டு போனார்.

வைத்தி: சொல்லியிருந்தா அன்னிக்கே மெயில்லே புறப்பட்டிருப்பான்.

பட்டாபி: புறப்பட்டு? ஹௌராவிலேர்ந்து பட்டணம் போய், அங்கேர்ந்து மாயவரம் போய்ச் சேர மூணு நாள். அதுவரைக்கும் வெச்சிண்டிருப்பாளா? அவன் போய்ச் சாம்பலைத்தான் பார்த்திருக்கணும். இங்கே இருந்தாலாவது பானகம் உண்டு.

வைத்தி: அண்ணா!

பட்டாபி: நான் கல் நெஞ்சுக்காரன்னு நினைச்சுக்கோ. ஆனா போன வருஷத்தை நினைச்சுப் பாரு. மூணாம் நாள் பந்தல்லே எலி செத்து விழுந்தது. உத்ஸவத்தைப் பாதியிலே நிறுத்தினோம். அப்புறம் இந்தக் காலனியிலேர்ந்து எத்தனை பேர் போனா? ஏழு. ஏழுலே ஒருத்தன் என் தம்பி. "ராமனைப் பாதியிலே எழுப்பி விட்டா அப்படித்தான்"னு என் முகத்துக்கு எதிரே சொன்னா. இந்த வருஷமும் நிறுத்தினா இங்கே யார் தங்குவா? ஆளாளுக்கு மாத்தல் கேட்டுண்டு ஓடுவா.

வைத்தி: பிளேக் எலியாலே வந்தது அண்ணா.

பட்டாபி: அதை நீ போய் எதிராத்து ஜகதாம்பாள் கிட்ட சொல்லு. தொடப்பத்தோட வருவா.

வைத்தி: அப்படியே இருக்கட்டும். ஆனா கர்மம் பண்ண வேண்டியவனே தீட்டோட வந்து பந்தல்லே பாடினா உத்ஸவம் மட்டும்...

பட்டாபி: தீட்டு இல்லைடா. சிவராமகிருஷ்ண வாத்தியாரைக் கேட்டாச்சு. காதிலே விழற வரைக்கும் தீட்டு இல்லை. விழுந்த நிமிஷத்திலேர்ந்துதான் கணக்கு. அவன் காதிலே விழலை. ஆகையினாலே பாகீரதி அவனைப் பொறுத்தவரைக்கும் சௌக்கியம்.

வைத்தி: ரயில் கம்பெனிக்கு வேற தினமும் காரணம் எழுதறேன். பட்டுவாடா ஆகாத தந்திக்குக் காரணம் எழுதணும். "விலாசதாரர் அகப்படவில்லை"ன்னு நாலு நாளா எழுதியிருக்கேன். எழுதறப்போ எனக்கு எதிர் பெஞ்சியிலே உக்காந்து காலை ஆட்டிண்டிருக்கான்.

பட்டாபி: அவன் ஏன் அங்கே வரான்?

வைத்தி: எங்கே போவான்? அவன் வேலை பார்க்கிற கூட்ஸ் ஆபீசுக்கும் என் தந்தி ரூமுக்கும் நடுவிலே ஒரு பலகைத் தடுப்புதானே. முந்தி என் நாற்காலி அவனோடது அண்ணா. எனக்குத் தந்தி கத்துக் கொடுத்ததே அவன்தான். விரல் மரத்துப் போய் அடிக்க முடியாம ஆனதும்தானே அவனைக் கூட்ஸுக்கு மாத்தினா.

பட்டாபி: எல்லாம் தெரியும். என் கீழேதானே வேலை பார்க்கறான். புதன்கிழமை சாயங்காலம் வந்து லீவும் பாஸும் கேட்டான். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது.

வைத்தி: என்ன காரணம் சொன்னான்?

பட்டாபி: ஒண்ணும் சொல்லலை. "ஊருக்குப் போகணும் போல இருக்கு"ன்னான். பிரசவத்துக்குப் போன பொண்டாட்டி நினைப்பு போலிருக்கு. துரை டூர்லே இருக்கார், திங்கட்கிழமை பார்க்கலாம்னுட்டேன்.

வைத்தி: துரை இங்கேதானே இருந்தார்?

பட்டாபி: சாயங்காலம் டென்னிஸுக்குப் போனார். அதுவும் டூர்தான்.

வைத்தி: எப்படி அண்ணா வாய் கூசாம...

பட்டாபி: எனக்கு மட்டுமா? இந்தக் காலனி இப்படி ஒத்துமையா இருந்து நீ பார்த்திருக்கியா? குழாயடிச் சண்டைக்கப்புறம் ஸ்ரீனிவாசராகவனும் வாஞ்சிநாதனும் ஆறு மாசமா முகம் பார்த்துக்கலை. இப்போ தினம் காலம்பர அவனை நடுவிலே விட்டுண்டு ரெண்டு பக்கமும் நடந்து ஆபீசுக்கு அழைச்சிண்டு போறா. வழியிலே எவனாவது உளறிடப் போறானேன்னு. ஜகதாம்பாள் ரசம் அனுப்பறா. நம்மாத்திலே மீனாக்ஷி மோர்க்குழம்பு. பொண்டாட்டி இருந்தப்போ கூட அவன் இப்படிச் சாப்பிட்டிருக்க மாட்டான்.

வைத்தி: ஹரிபத பாபு என்ன சொன்னார் தெரியுமா? "சீ சீ, தாதா, நீங்கள்ளாம் மனுஷாளா?"ன்னார்.

பட்டாபி: அந்த வங்காளிதான் காரியத்தைக் கெடுத்திருப்பார். அனந்துவைப் பார்க்கிற போதெல்லாம் பொலபொலன்னு அழறார். அவருக்குக் கண் வலின்னு சொல்லி வெச்சேன். அனந்து அதை நம்பி ஒரு சீசா பன்னீர் கொண்டு போய்க் கொடுத்தான்.

வைத்தி: அவர் இன்னும் அழுதிருப்பாரே.

பட்டாபி: அழுதார். பன்னீர் எரியறதுன்னு சொல்லி... ஷ்! வரான். முகத்தைச் சரி பண்ணிக்கோ. சிரி.

வைத்தி: எப்படிச் சிரிக்கறது?

பட்டாபி: நேத்திக்குச் சிரிச்ச மாதிரியே சிரி.

அனந்து: என்ன ரெண்டு பேரும் பந்தலுக்குப் பின்னாடி? பொண்ணாத்துக்காரா இப்பவே சண்டைக்குத் தயாராறேளா?

பட்டாபி: வாடா அனந்து! உன்னைத்தான் பேசிண்டிருந்தோம்... அதாவது, உன் சாரீரத்தை. நேத்திக்கி லாலி பாடினியே, பவானிபூர்லேர்ந்து வந்தவா அசந்து போயிட்டா.

அனந்து: தொண்டை கட்டியிருந்தது.

பட்டாபி: அதுதான் உருக்கமா இருந்தது.

அனந்து: வைத்தி, தந்தி ஏதாவது வந்துதா?

வைத்தி: ...இல்லைடா.

அனந்து: சரி.

வைத்தி: லைன்... கெட்டிருக்கு. மேதினிபூர்ப் பக்கம் காத்து அடிச்சதாம்.

அனந்து: காலம்பரகூட யந்திரம் அடிச்சிண்டிருந்ததே?

வைத்தி: அது வேற லைன்.

அனந்து: ஓ. வேற லைனா.

பட்டாபி: பிரசவம்னா அப்படித்தான்டா, நாள் தள்ளும். மீனாக்ஷிக்கு மூத்தவன் பத்து நாள் தள்ளித்தான் பொறந்தான். நீ கவலைப்படாதே.

அனந்து: கவலைப்படலை அண்ணா. மன்னிக்கு என்ன உடம்பு? காலம்பர மோர்க்குழம்பு கொண்டு வந்து வெச்சுட்டு ஒரேயடியாக் கண்ணைத் துடைச்சுண்டா.

பட்டாபி: அதுவா? வெங்காயம் நறுக்கிண்டிருந்தா.

அனந்து: உத்ஸவத்திலே வெங்காயமா?

பட்டாபி: ...உத்ஸவத்துக்கு இல்லைடா. பக்கத்தாத்து வங்காளிப் பாட்டிக்கு. ஒத்தாசைக்கு.

அனந்து: நல்ல மனசு மன்னிக்கு.

பட்டாபி: இதைக் கேளு. மாங்கல்யத் தட்டை இன்னிக்கி நீதான் ஏந்தணும். பெரியவா எல்லார்கிட்டேயும் காட்டி, தொட்டு ஆசீர்வாதம் வாங்கிண்டு வரணும்.

அனந்து: நானா?

பட்டாபி: போன மாசமே போட்ட லிஸ்ட். அனந்தகிருஷ்ணன், மாங்கல்யம்.

அனந்து: வேண்டாம் அண்ணா. வாஞ்சிநாதன் ஏந்தட்டும்.

பட்டாபி: காலனியே ஆசைப்படறதுடா.

அனந்து: நன்னா யோசிச்சுத்தான் சொல்றேளா? மாங்கல்யம், அண்ணா. என் கையாலே.

பட்டாபி: உன் கைக்கு என்ன?

அனந்து: ...வைத்தி, நீ என்ன சொல்றே?

வைத்தி: நான்... அண்ணா சொன்னா சரிதான்.

அனந்து: சரி. ஏந்தறேன். அண்ணா, அந்த லீவு?

பட்டாபி: நாளைக்கு! துரை வந்த உடனே முதல் காகிதம் உன்னுதுதான். போ, நாதஸ்வரக்காரன் வந்தாச்சு. போய் நலங்குப் பாட்டை எடு.

அனந்து: போறேன்.

வைத்தி: அண்ணா, நான் ஓடிப் போய்ச் சொல்லிடறேன். மாங்கல்யத்தைத் தொடறதுக்கு முன்னாடியாவது...

பட்டாபி: கையை எடுடா இடுப்பிலேர்ந்து. இப்போ லிஸ்டை மாத்தினா ஏன்னு கேப்பான். கேட்டா சொல்லணும். சொன்னா தீட்டு. அஞ்சு மணி நேரம் பொறு. ராமன் மேலே ஆணை.

* * *

பட்டாபி: ஆச்சு பாரு. ஒரு குறை உண்டா? துரைசானி கை தட்டினா. ஜகதாம்பாள் ரெண்டாந்தரம் பாயசம் வாங்கிண்டா. பவானிபூர்க்காரா அடுத்த வருஷமும் வரேன்னுட்டா. இனிமே இந்தக் காலனிக்கு ஒரு கெடுதல் வராது.

வைத்தி: அவன் மாங்கல்யத் தட்டோட வந்தப்போ யாரும் அவன் முகத்தைப் பார்க்கலை அண்ணா. எல்லாரும் தட்டைத்தான் பார்த்தா. ஹரிபத பாபு எழுந்து வெளியிலே போயிட்டார்.

பட்டாபி: கண் வலி.

வைத்தி: அனந்து சாப்பிட்டானா?

பட்டாபி: இலை போட்டு உக்காத்தி வெச்சேன். பந்தியிலே எல்லாரும் அவனுக்கே பரிமாறினா. இலை ரொம்பிப் போச்சு. அவன் சாப்பிட்டதை நான் பார்க்கலை... மணி என்ன?

வைத்தி: மூணு ஆகப் போறது.

பட்டாபி: தந்தியை எடு. தேதியை என்ன பண்ணினே?

வைத்தி: நீங்க சொன்ன மாதிரி ரப்பர் போட்டு அழிச்சுட்டு இன்னிக்கித் தேதி போட்டிருக்கேன். "இன்று காலை"ன்னுதானே வாசகம். அது சரியாப் போறது.

பட்டாபி: பார்த்தியா, எல்லாம் தானா அமையறது. மெதுவாச் சொல்லணும். முதல்லே உடம்பு சரியில்லேன்னு ஆரம்பிப்பேன். நீ அவன் தோளைப் பிடிச்சுக்கோ. விழுந்துடப் போறான்... அனந்து! இங்கே வாடா. இப்படி உக்காரு.

அனந்து: நிக்கறேன் அண்ணா.

பட்டாபி: உக்காருடா. வைத்தி, பெஞ்சியை இழு.

அனந்து: சொல்லுங்கோ.

பட்டாபி: உத்ஸவம் நன்னா நடந்தது. எல்லாம் உன்னாலேதான். காலனி உன்னை மறக்காது.

அனந்து: சந்தோஷம்.

பட்டாபி: மனுஷாளுக்கு நல்லதும் வரும், கெட்டதும் வரும். நம்ம கையிலே என்ன இருக்கு? என் தம்பி போனப்போ நான்... மனசைத் திடப்படுத்திக்கோ. பாகீரதிக்கு... கொஞ்சம் உடம்பு சரியில்லைன்னு...

அனந்து: தந்தியா?

பட்டாபி: ஆமாம்.

அனந்து: கொடுங்கோ.

பட்டாபி: நிதானமாப் படி. வைத்தி, பிடிச்சுக்கோ அவனை.

அனந்து: பிடிக்க வேண்டாம். விடுடா... இது எப்போ வந்தது?

பட்டாபி: இப்போதான். நாங்க கை அலம்பிண்டிருக்கோம், யந்திரம் அடிக்கறது. வைத்தி ஓடினான்.

அனந்து: லைன் சரியாயிடுத்தா?

பட்டாபி: ஆயிடுத்து.

அனந்து: வைத்தி, நீ சொல்லு. நான் உனக்குத் தந்தி கத்துக் கொடுத்தவன். எப்போ வந்தது இது?

பட்டாபி: சொல்லேன்டா.

வைத்தி: இப்போதான்டா, அனந்து.

அனந்து: வாத்தியார் நேரம் கேப்பார், குறிச்சுக்கோங்கோ அண்ணா: என் காதிலே விழுந்தது புதன்கிழமை, பதினொண்ணே கால் மணிக்கு. பலகைத் தடுப்புக்கு என் பக்கம் சரக்கு ரசீது எழுதிண்டிருந்தேன். எனக்கு விரல்தான் போச்சு, யந்திரச் சத்தத்திலேயே தந்தி படிக்கிற காது போகலை. வைத்தி நம்ப மாட்டாம அந்த ஒரு வார்த்தையை ரெண்டு தரம் திருப்பி அடிக்கச் சொன்னானே... எனக்கு அவ மூணு தரம் செத்தா. அப்புறம் நாலு நாளா, அம்பது பேர்லே யாராவது ஒருத்தர் வந்து சொல்லுவேள், சொன்னா அழலாம்னு காத்திண்டிருந்தேன்.