முதல் அளவு

அறிக்கையில் என் பெயர் மட்டும் இருக்க வேண்டும் என்று கேட்டேன். எதை வேண்டுமானாலும் கேள், பேரை மட்டும் கேட்காதே, அது திமிர் என்று சொல்லித்தான் அம்மா என்னை நாரின் மலையிலிருந்து தலைநகர் பிஷ்கேக்குக்கு பஸ் ஏற்றினாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவள் நான் ஒருத்திதான்.

வேலை எளிது. ஆம்புலன்ஸ் கேட்டு போன் வந்ததும், பக்கத்தில் எந்த வண்டி நிற்கிறது என்று தேடும் மென்பொருள். அலுவலகத்தில் மூத்தவரான எர்னிஸ் எழுதிய பழையது எப்போதும் ஒன்பது வினாடி எடுக்கும். புதியது என்னுடையது. இரண்டையும் அளந்து ஒப்பிட்டு அந்த அறிக்கையை எழுதியவளும் நானே.

பத்துப் பத்து அழைப்பாக முப்பது சுற்று ஓட்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் முதல் அழைப்புக்கு என்னுடையது ஆறு நிமிடம் எடுத்தது. வட்டாரத்துக்கு ஒரு இயந்திரம்; அழைப்பு வராதபோது அது தூங்கிவிடும், எழுந்ததும் வரைபடம் முழுவதையும் ஏற்றியாக வேண்டும். மற்ற ஒன்பதுக்கும் இரண்டே வினாடி. முதல் அளவை, இயந்திரம் சூடேறும் நேரம் என்று தள்ளிவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். தள்ளினேன்; அறிக்கையில் இரண்டு வினாடி என்று போட்டேன். சேர்த்திருந்தால் சராசரி முப்பத்தெட்டு வினாடி.

எர்னிஸ் தாளைப் பார்த்தார். "முதல் அளவையும் போடும்மா. நாரின் மலையில ஒரு நாளைக்கு ஒரு போன் வந்தாலே பெருசு. அங்க எல்லாமே முதல் போன்தான்."

"வழக்கம் அதுதானே, பைக்கே?" என்றேன். மூத்தவர்களை நாங்கள் அப்படித்தான், அண்ணா என்று, கூப்பிடுவோம்.

"ஆட்டுப்பட்டியில பொறந்தவளுக்கே ஆட்டுப்பட்டி மறந்துபோச்சா?"

அறையே சிரித்தது. யாரோ ஆடு மாதிரி கத்திக் காட்டினான்.

மறக்கவில்லை. அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். என் ஊருக்கு அந்த முதல் அளவு மட்டுமே வாய்க்கும் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

என் மென்பொருள் நாடு முழுவதும் ஓடத் தொடங்கியது. அந்தப் பனிக்காலத்தில் எங்கள் மலையில் மூன்று பேர் இறந்தார்கள். இருவருக்கு மாரடைப்பு. எங்கள் பக்கத்து வீட்டு சோல்பானின் நான்கு வயது மகளுக்குத் தொண்டையில் இறைச்சித் துண்டு. வண்டி இரண்டு தெரு தள்ளித்தான் நின்றிருந்தது; அதைக் கண்டுபிடிக்க என் மென்பொருளுக்கு ஆறு நிமிடம் ஆனது. நாடு முழுவதும் வந்த அழைப்புகளோடு சேர்த்தால் சராசரி அசையவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

விசாரிக்க வந்த அதிகாரி பெர்மெத் அம்மா நல்லவர். "தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரே ஒரு வரி எழுதிடு, பொண்ணே. சின்ன வயசு, விட்டுருவாங்க. இல்லேன்னா ஜெயில்தான்."

தெரியாதவள் என்று எழுதவா பட்டம் வாங்கினேன்? வாக்குமூலத்தில், தெரிந்தே செய்தேன் என்று எழுதியிருக்கிறேன். எர்னிஸ் பெயரை இதில் சேர்க்க வேண்டாம். கீழே என் பெயர் மட்டும் இருக்கட்டும். மேலங்கியை மாட்டிக்கொண்டேன். வாசலில் போலீஸ் வண்டி நிற்கிறது. யாரும் வந்து கூப்பிட வேண்டியதில்லை, நானே போகிறேன்.