நிகர லாபம் கூடிய வருடம்

பதினாறு வருடமாக இறால் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன், ஆனால் நான் சுத்த சைவம், சார். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விற்பனை ஏழு கோடி குறைந்த வருடத்தில் நிகர லாபம் மட்டும் எப்படி ஐம்பது லட்சம் கூடியது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. விற்பனை என்பது உள்ளே வருவது. நிகர லாபம் என்பது எல்லாச் செலவும் போய்க் கடைசியில் கையில் நிற்பது. வெளிநாட்டு ஆர்டர்கள் படுத்துவிட்டன. வருவதைக் கூட்ட என்னால் முடியாது, போவதைக் குறைக்க முடியும். தண்டையார்பேட்டையில் சும்மா கிடந்த பழைய கிடங்கை விற்று வங்கிக் கடனை அடைத்தோம். விற்ற லாபமும் மிச்சமான வட்டியுமாக முப்பது லட்சம். இதை யார் வேண்டுமானாலும் தணிக்கை செய்துகொள்ளலாம்.

மீதி இருபது லட்சத்துக்காகத்தான் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள்.

கணக்கோடு நிர்வாகத்தையும் நான் பார்க்கும் எங்கள் திருவொற்றியூர் ஆலையில் இறாலை உறைய வைப்பது அம்மோனியா. குழாய் பழசு, அவ்வப்போது லேசாகக் கசியும். உடனே எச்சரிக்கை மணி அலறும். இறால் உரிக்கும் நூற்றிருபது பெண்களும் வெளியே போய் அரை மணி நேரம் நிற்பார்கள், சரக்கு வீணாகும். அந்த மணியின் பராமரிப்பு ஒப்பந்தத்தை நான் புதுப்பிக்கவில்லை. மூன்றே மாதத்தில் ஊமையாகிவிட்டது.

மணி வருவதற்கு முன்பிருந்தே எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அம்மோனியா ஓடும் கம்ப்ரசர் அறையில் நிற்கிறவர் ‘நெடி’ என்றால் இறால் உரிக்கும் கூடம் காலியாக வேண்டும். அவர் ‘இல்லை’ என்றால் யாரும் அசையக் கூடாது. அங்கே நின்ற மாசானம் வாரத்துக்கு இரண்டு முறை நெடி என்பார். அவரைச் சரக்கு ஏற்றும் பகுதிக்கு மாற்றிவிட்டு, அந்த இடத்தில் இக்னேஷியஸைப் போட்டேன்.

இக்னேஷியஸ் ராயபுரத்துக்காரர், தங்கமான மனிதர். கொரோனாவுக்குப் பிறகு அவருக்கு வாசனையே தெரியாது. என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

“மீன் கொயம்பு கருகினா கூட தெரில சார். வெளிய சொல்லிடாதீங்க, வேலய வுட்டு தூக்கிடுவாங்க. பொண்ணு நர்சிங் படிச்சிகினு கீது. கண்ணு எரிஞ்சா தெரிஞ்சிடும், நான் பாத்துக்கறேன்.”

கண் எரியும் அளவுக்கு வந்தால் காலம் கடந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். வாக்கைக் காப்பாற்றினேன்.

அடுத்த பத்து மாதம் வேலை ஒரு நாள்கூட நிற்கவில்லை. முதலாளி கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார். பெருமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூடத்தின் மேற்பார்வையாளர் ஜானட் என் அறைக்கு ஓடி வந்தாள். வாசல் பக்கத்துக் கட்டடத்தின் இரண்டாவது மாடி அது. படியேறியதில் மூச்சு வாங்கியது.

“சார், நெடி தூக்குது. பொம்பளைங்கள வெளிய இட்டுகினு பூடட்டா?”

மாலைக்குள் கன்டெய்னர் துறைமுகம் போயாக வேண்டும். நான் இக்னேஷியஸுக்குப் போன் போட்டு, ஜானட் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். நெடி வருகிறதா என்றேன்.

“நெடியா? ஒண்ணியும் இல்லியே சார்.”

ஜானட் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அண்ணனே இல்லன்றாரு, அப்ப சரி சார்,” என்று இறங்கிப் போனாள்.

பத்து நிமிடத்தில் குழாய் வெடித்தது. இக்னேஷியஸ், ஜானட், இன்னும் நான்கு பெண்கள்.

இக்னேஷியஸ் பொய் சொல்லவில்லை. நானும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது என்று தெரிந்தேதான் அவரைக் கேட்டேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு நெடி வரவில்லையா என்கிறீர்கள். பத்தரைக்கே வந்துவிட்டது, சார். அதனால்தான் ஜன்னலையும் கதவையும் சாத்தி வைத்திருந்தேன். ஜானட் தட்டாமல் கதவைத் திறந்ததில் கொஞ்சம் உள்ளே புகுந்துவிட்டது. அதற்காக அவளை நான் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.