மேட்டக்காவின் கணக்கு பொய்த்த நாள்

மேடையில் வீற்றிருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த அம்மையாரின் கணவர் அவர்களே, பிள்ளைகளே, ஆற்றங்கரை ஊரிலிருந்து பேருந்து பிடித்து வந்திருக்கும் பெருமக்களே! வணக்கம்.

அணைப் பாதுகாப்புப் பிரிவின் பொறியாளர், மேட்டுக்கு ஏறுங்கள் என்று ஓயாமல் விரட்டியதால் நீங்கள் அன்போடு 'மேட்டக்கா' என்றழைத்த அம்மையார், போன வாரம் நம்மை விட்டுப் பிரிந்தார். நான் அவருடைய பக்கத்து மேசைக்காரன். அழுதுகொண்டே பேசினால் எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கிவிடுவார். ஆகவே சிரித்தே பேசுகிறேன்.

அவருடைய வேலை என்ன? அணை உடைந்தால் கீழே எத்தனை உயிர் போகும் என்று மதிப்பிடுவது! என்ன வேலை பாருங்கள்! அணையின் அபாயச் சங்கு ஊதியதும் எல்லோரும் மேட்டுக்கு ஓடிவிடுவார்கள், சேதம் குறைவு என்றது பழைய அறிக்கை. அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"யார் சார் ஓடுவா? அடுப்ப அணைப்பாங்க, பூட்டத் தேடுவாங்க, எதிர்வீட்ல என்ன பண்றாங்கன்னு எட்டிப் பாப்பாங்க. அதுக்குள்ள தண்ணி வாசலுக்கு வந்துடும்."

புதிதாகக் கணக்குப் போட்டார். அறுநூறு உயிர்!

"பயமுறுத்துறீங்களாம்மா?" என்றார் அன்றைய மேலதிகாரி.

"இல்ல சார். ஒரு தடவ ஊதித்தான் பாப்போமே."

ஊதினோம். மேடேறி வந்தவை இரண்டு ஆடுகள்! "இதையும் கணக்குல சேத்துக்கவா?" என்று கேட்டார் மேலதிகாரி. அக்கா சோர்ந்தாரா? வீடு வீடாகப் போனார். ஏன் வரவில்லை என்று கேட்டார். ஒரு தையல்காரம்மா சொன்னார்: "சங்கு யாருக்கோ ஊதுதுன்னு இருந்துட்டேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து கையப் புடிச்சு இழுத்தா போவேன்."

அவ்வளவுதான்! தெருவுக்கு இருவர், கையைப் பிடித்து இழுப்பதற்கென்றே அமர்த்தப்பட்டார்கள். அடுத்த ஒத்திகையில், நடக்க முடியாத நோயாளியாகத் தன் கணவரையே நாற்காலியில் உட்கார வைத்தார். அவரைத் தூக்கிய நால்வரும் இங்கேதான் இருக்கிறார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களைப் பாருங்கள், தெரியும்!

பிறகு அந்த மழை. நண்பகலில் அணையின் மண்கரை உடைந்தது. சங்கு ஊதியது. கதவுகள் தட்டப்பட்டன, கைகள் இழுக்கப்பட்டன. அடுப்பு எரிய எரிய ஊர் மேடேறியது. கீழே வீடுகள் சரிந்தன. மேட்டில் தலைகளை எண்ணிக்கொண்டே வந்த அக்கா, நனைந்த சேலையோடு என் தோளைப் பிடித்து உலுக்கினார்: "தப்பு சார்! என் கணக்கு அத்தனையும் தப்பு!" தன் கணக்கு பொய்த்ததற்கு இப்படித் துள்ளிய பொறியாளரை நீங்கள் கண்டதுண்டா?

ஆனாலும் மூவரை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. 'உயிரிழப்பு பொருட்படுத்தத்தக்கதல்ல' என்று வரைவு அறிக்கை வந்தது. அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "அந்த மூணு வீட்டுக்கும் போய் இத வாசிச்சுக் காட்டிட்டு வாங்க சார். அப்புறம் கையெழுத்துப் போடுறேன்." யாரும் போகவில்லை. அந்த வரி நீக்கப்பட்டது. மூன்று வீட்டுக்கும் அக்கா மட்டும் போனார், கடைசிவரை போய்க்கொண்டிருந்தார்.

நண்பர்களே, நம் ஆற்றில் ஒத்திகையே நடக்காத அணை இன்னும் ஒன்று இருக்கிறது. வரும் திங்கள் காலை எங்கள் பிரிவு முழுவதும் அங்கே போகிறது. கதவு தட்ட ஆள் போதாது. வர விரும்புவோர் வாசலில் பெயர் கொடுங்கள். நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். அங்கே மேடு செங்குத்து!