பதினோராவது குழியின் மணி

என் பெயர் சுசீலா. வயது 52. காலமான சேதுபதியின் மனைவி. புக்கிட் பாஞ்சாங்கில் வீவக அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். சரக்குக் கப்பல் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இன்று யாரும் கூப்பிடாமல் நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து இதைத் தமிழில் சொல்கிறேன். என் கணவரின் மரணம் பற்றி மலேசியப் போலீசாரிடம் ஏற்கெனவே வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டது உண்டு.

ராஜீவ் என் உடன்பிறந்த தம்பி. ஆங் மோ கியோவில் எங்கள் அம்மா சரசுவுடன் இருக்கிறான். கை நீட்டுகிறான் என்பதால் முதல் மனைவி அவனை விட்டுப் போனாள். அதை மறைத்து பவித்ரா என்ற பெண்ணை நிச்சயம் செய்திருந்தார்கள். என் கணவர் பவித்ராவின் அப்பாவை நேரில் பார்த்து உள்ளதைச் சொன்னார், கல்யாணப் பேச்சு நின்றது. அவர் செய்தது சரி என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அதன் பிறகு ராஜீவ் எங்கள் வீட்டுக்கு வந்தான். காப்பியில் சீனி குறைந்தாலே கத்துகிறவன் அன்று கத்தவில்லை. "விடுங்க அத்தான், நடந்தது நடந்துபோச்சு. ஒரு கோல்ஃப் டிரிப் போயிட்டு வருவோம் லா, நானே புக் பண்றேன்" என்றான். அவருக்குச் சந்தோஷம். எனக்கு அது சரியாகப் படவில்லை, இருந்தாலும் பெட்டியைக் கட்டினேன்.

அந்தக் கோல்ஃப் திடல் மலேசியாவில் பழைய தேயிலைத் தோட்டம் ஒன்றைத் திருத்தி மலைமேல் போட்டது. சமதரை என்று ஒரு முழம் கிடையாது. நேராக அடித்த பந்தும் பள்ளத்தாக்குப் பக்கம் ஓடிவிடும், மூடுபனி இறங்கினால் பக்கத்தில் நிற்கிற ஆள்கூடத் தெரியாது. ராஜீவ் அங்கே முன்பு விளையாடியிருக்கிறான். நாங்கள் நால்வர் போனோம். நான்காவது ஆள் என் கணவரின் அலுவலக நண்பர் அதீஃப். ராஜீவ்தான் ஜோடி பிரித்தான். அவரும் அதீஃபும் முதலில், நானும் அவனும் பின்னால்.

பதினோராவது குழியில் பாறை விளிம்பில் நின்று, செங்குத்தாகக் கீழே இருக்கும் புல்தரைக்குப் பந்தை அடிக்க வேண்டும். மேலே இருப்பவர்களுக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. அதனால் கீழே ஒரு மரத்தில் மணி கட்டியிருக்கிறார்கள். முன்னால் போனவர்கள் ஆடி முடித்து விலகியதும், மேலே கேட்கிற மாதிரி அதை விடாமல் அடிப்பார்கள். அதன் பிறகுதான் பின்னால் வருபவர்கள் அடிக்கலாம். அதே மரத்தடியில் தோட்டத்து ஆட்கள் வைத்த முனீஸ்வரர் கல் ஒன்று சூலத்தோடு இருக்கிறது. திடலைப் போட்டவர்கள் அதை எடுக்கவில்லை.

என் கணவர் சாமியையும் மணியையும் ஒன்றாகப் பார்த்துவிட்டால் சும்மா தாண்டிப் போக மாட்டார். சிராங்கூன் சாலையில் காய்கறி வாங்கப் போனாலும் கோயில் கதவு மணியைத் தொட்டு ஒரு தட்டு தட்டி, கண்ணை மூடி நின்றுவிட்டுத்தான் வருவார். கை தானாகப் போகும். நான் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்பேன், திட்டியும் இருக்கிறேன்.

அவரும் அதீஃபும் பந்தை அடித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனதும் பனி மூடியது. ராஜீவ் பந்தை வைத்து, மட்டையோடு தயாராக நின்றான். கொஞ்ச நேரத்தில் மணிச் சத்தம் ஒரே ஒரு தடவை, மெதுவாகக் கேட்டது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. "ராஜீவ், பொறு. இது முடிச்ச மணி இல்ல. அத்தான் சாமி கும்பிடுறார்" என்றேன். அவன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். அதன் பிறகு பந்தை அடித்தான். பந்து எங்கே போனது என்று பார்க்கவில்லை. குனிந்து, பந்து வைத்த குச்சியைத் தரையிலிருந்து பிடுங்கி, மண்ணைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

அதன் பிறகு அதீஃப் கத்துவது கேட்டது. நான் படிகளில் ஓடினேன், இரண்டு முறை விழுந்தேன். அவர் மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தார். அடி பின்மண்டையில். செருப்பில்லாமல் கும்பிட வேண்டும் என்று காலணியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். அதீஃப் புதருக்குள் பந்தைத் தேடிக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மணி அடித்தது, அதன் பிறகு ராஜீவ் பந்தை அடித்தான் என்று நாங்கள் மூவரும் சொன்னோம். விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். ராஜீவைப் பொறு என்று தடுத்ததை நான் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்றபோது அம்மா விடவில்லை. "மணி அடிச்சது நிசந்தானே? அத மட்டும் சொல்லு. மாப்பிள்ளைய இனி யாரு கொண்டாரது, இருக்கிறவனையாவது விட்டு வை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு பவித்ராவின் அப்பா வந்திருந்தார். ராஜீவ் மொட்டையடித்துக்கொண்டு எல்லாருக்கும் பந்தி பரிமாறினான். அதைப் பார்த்து அவர் மனம் இளகிவிட்டது. நேற்று பவித்ரா எனக்குப் போன் செய்து, ராஜீவுடன் பதிவுத் திருமணத்துக்கு நாள் குறித்துவிட்டதாகச் சொன்னாள். "அண்ணி, அவர் கோபமெல்லாம் இப்ப ஓகே ஆயிடுச்சுதானே? நீங்க சொன்னா நான் நம்புவேன்" என்று கேட்டாள். அதனால் இங்கே வந்தேன்.

என் தம்பி கொலை செய்தான் என்று நான் சொல்லவில்லை. அவன் மனதுக்குள் போய் நான் பார்க்கவில்லை. நான் சொன்னது அவன் காதில் விழுந்ததா, காற்றில் போயிருக்கலாமே என்று அதிகாரி கேட்டார். விழுந்தது. என் பக்கம் திரும்பி, "தெரியும்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் அடித்தான்.

இதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. ஒரு வரியையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

(ஒப்பம்) சுசீலா